எண்ணுவதற்குக் கம்பி இல்லை

கவுன்ட்டி (நம் ஊர் மாவட்டம் மாதிரி) ஜெயிலின் முன்கூடத்தில் முதலில் என் கண்ணில் பட்டது ஏ.டி.எம். மாதிரி ஒரு மெஷின். பணம் எடுக்க அல்ல, போட. உள்ளே இருப்பவரின் பெயரைத் தட்டி நோட்டைச் செருகினால் அவர் கணக்கில் ஏறும். அதற்கு ஒரு கட்டணத்தையும் பிடித்துக்கொள்ளும். இரவு மணி இரண்டு. எனக்கு முன்னால் நின்ற வயதான அம்மாள் கசங்கிய இருபது டாலர் நோட்டை நீவி நீவி உள்ளே விட்டார். மெஷின் அதைத் துப்பிக்கொண்டே இருந்தது. என்னிடம் இருந்த புது நோட்டைக் கொடுத்து அவருடையதை வாங்கிக்கொண்டேன். யாருக்காக வந்திருக்கிறீர்கள் என்று கேட்டார். நண்பரின் அக்கா பையன் என்றேன். “எனக்குப் பேரன்” என்றார். அப்புறம் இருவரும் சம்பந்திகள் போல ஒரே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம்.

நண்பர் வெளியே காரில் இருந்தார். ஊரில் அக்காவுக்குப் போன் போட்டு என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். பையன் ஹூஸ்டனுக்கு வேலைக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. பார்ட்டி முடிந்து திரும்பும்போது போலீஸ் ஓரங்கட்டி ஊதச் சொல்லியிருக்கிறார்கள், ஊதியிருக்கிறான். டெக்சஸில் முதல் தடவை என்றாலும் இதற்கு ஆறு மாதம் வரை ஜெயில் உண்டு. விசாவில் இருப்பவர்களுக்குத் தீர்ப்புவரைகூடப் போக வேண்டாம், கைதுக்கே விசாவை ரத்து செய்துவிடலாம். தப்பு அவன் மீதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த இரவில் எங்களுக்கு இருந்த கேள்வி வேறு. அவன் இப்போது எங்கே இருக்கிறான், சாப்பிட்டானா, படுக்க இடம் இருக்கிறதா?

கண்ணாடிக்குப் பின்னால் இருந்த அதிகாரி “இன்னும் புக்-இன் முடியவில்லை” என்பதைத் தவிர வேறு எதுவும் சொல்லவில்லை. கைதானவரை உள்ளே பதிந்து சேர்ப்பதற்குத்தான் அந்தப் பெயர். மாஜிஸ்திரேட் பெயில் தொகையைச் சொல்லி, நாங்கள் பாண்ட் கட்டி, அவன் வெளியே வரும்போது மறுநாள் மாலை ஐந்து மணி. எந்தக் கவுன்ட்டி என்று சொல்லப்போவதில்லை. டெக்சஸில் 254 இருக்கின்றன, நீங்களே ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்து குளித்து, இரண்டு தட்டு ரசம் சாதம் சாப்பிட்ட பிறகு அவன் சொன்ன ஒன்று எனக்கு மறக்கவில்லை. “மாமா, உள்ள போனதும் ஒரு ஃபார்ம் வச்சுக்கிட்டு கேள்வி கேட்டாங்க. சுகர் இருக்கா, பிரஷர் இருக்கா, மாத்திரை சாப்பிடுறியா. அதே குரல்ல, தற்கொலை பண்ணிக்கணும்னு தோணுதான்னும் கேட்டாங்க. நிமிர்ந்துகூடப் பார்க்கல. இல்லன்னு சொல்லிட்டேன்.” அவன் மாமா உடனே, “அப்படித் தோணிச்சாடா?” என்று கேட்டார். பையன் பதில் சொல்லாமல் மோர் கேட்டான்.

---

இரண்டு வருடம் கழித்து அதே ஜெயிலுக்குள் நானே நடந்து போனேன். பயப்பட வேண்டாம், கைதாகி அல்ல. இங்கே பல ஷெரிஃப் (கவுன்ட்டியின் போலீஸ் தலைவர்) அலுவலகங்கள் பொதுமக்களுக்காக மாலை வகுப்பு மாதிரி ஒன்று நடத்துகின்றன. வாரத்துக்கு ஒரு நாள், சில வாரங்கள், இலவசம். ரோந்து, கைரேகை, நாய்ப்படை என்று ஒவ்வொரு வாரமும் ஒன்று காட்டுவார்கள். ஒரு வாரம் ஜெயில். அந்த ஒரு வாரத்துக்காகத்தான் சேர்ந்தேன்.

ஜெயில் என்பதும் பிரிசன் என்பதும் நமக்கு ஒரே சொல்தான். அமெரிக்காவில் அவை இரண்டு உலகங்கள். பிரிசன் மாநிலத்துடையது அல்லது மத்திய அரசுடையது. தண்டனை பெற்றவர்கள் வருடக்கணக்கில் இருக்கும் இடம். ஜெயில் கவுன்ட்டியுடையது; பொறுப்பு ஷெரிஃபுக்கு. அவரோ ஓட்டு வாங்கி வருபவர். ஜெயிலில் இருப்பவர்களில் பெரும்பாலோர், தமிழில் அழகாகச் சொல்கிறோமே, விசாரணைக் கைதிகள். 2023-இன் நடுவில் நாடு முழுவதும் உள்ளூர் ஜெயில்களில் இருந்தவர்கள் சுமார் 6.64 லட்சம் பேர். பத்தில் ஏழு பேர் மீது குற்றம் நிரூபிக்கப்படவில்லை. ஆனால் அந்த ஒரே வருடத்தில் ஜெயில் கதவுகள் வழியாக உள்ளே போனவை 76 லட்சம் முறை. அதாவது இது கைதிகளைக் கட்டிவைக்கும் கொட்டடி என்பதைவிட ஒரு பஸ் ஸ்டாண்ட். பாதி வண்டி வந்துகொண்டிருக்கும், பாதி போய்க்கொண்டிருக்கும்.

எங்களைக் கூட்டிக்கொண்டு போனவர் இருபது வருட அனுபவமுள்ள ஒரு ஜெயிலர். (நம் ஊரில் ஜெயிலர் என்றால் பெரிய அதிகாரி, காவலுக்கு நிற்பவர் வார்டர். டெக்சஸில் சாவி வைத்திருக்கும் கடைசி ஆளும் ஜெயிலர்தான்.) முதல் கதவு பின்னால் மூடிய பிறகுதான் இரண்டாவது கதவு திறக்கும். நடுவில் அந்த அரை நிமிடம் நிற்கும்போது என்னோடு வந்த ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வாட்ச்சைத் தடவிக்கொண்டே இருந்தார்.

கம்பி எண்ணுவது என்று சொல்கிறோம். எண்ணிப் பார்க்கலாம் என்றால் கம்பியே இல்லை. தடித்த கண்ணாடி, இரும்புக் கதவு, நடுவில் ஒரு கூடம், சுற்றிலும் இரண்டு மாடியாக அறைகள். இதைப் ‘பாட்’ என்கிறார்கள். பழைய ஜெயில்களில் நீண்ட தாழ்வாரம் இருக்கும். காவலர் அதில் நடந்து போகும்போது மட்டும்தான் அறைக்குள் என்ன நடக்கிறது என்று தெரியும். 1981-இல் கலிஃபோர்னியாவின் கான்ட்ரா கோஸ்ட்டா கவுன்ட்டி, மார்ட்டினெஸ் என்ற ஊரில் கட்டிய ஜெயிலில் அந்த அமைப்பை மாற்றினார்கள். காவலருக்கும் கைதிகளுக்கும் நடுவில் தடுப்பே இல்லாமல், கூடத்துக்குள்ளேயே அவருக்கு ஒரு மேஜை. ஒரு கவுன்ட்டி ஜெயிலில் அப்படிச் செய்தது அதுதான் முதல். நாங்கள் பார்த்தது முழுக்க அப்படி இல்லை, ஆனால் அதன் ஒன்றுவிட்ட தம்பி எனலாம்.

சரி, புக்-இன் அறை. பையன் உட்கார்ந்த அதே பிளாஸ்டிக் நாற்காலிகள். போட்டோ, கைரேகை, உடைமைகளை ஒரு பைக்குள் போட்டுக் கையெழுத்து, உடை மாற்றம், அதற்கு முன் சோதனை. ஆடை முழுக்கக் களைந்து சோதிக்கலாமா என்ற வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய், 2012-இல் ஐந்துக்கு நாலு என்ற கணக்கில், மற்ற கைதிகளோடு சேர்க்கப்படும் எவரையும் அப்படிச் சோதிக்கலாம் என்று தீர்ப்பானது. வழக்குப் போட்டவர் நியூ ஜெர்சிக்காரர். ஏற்கெனவே கட்டிவிட்ட அபராதத்துக்காகக் கைதாகி ஆறு நாள் உள்ளே இருந்தவர்.

டெக்சஸில் ஜெயிலுக்கென்று 1975-இல் ஒரு ஆணையம் அமைத்தார்கள். அதன் விதிப்புத்தகம் ஒரு மாமியாரின் குறிப்பேடு மாதிரி நுணுக்கமானது. வந்து நாலு மணி நேரத்துக்குள் இரண்டு போன் அழைப்பு. 24 மணி நேரத்தில் மூன்று வேளைச் சாப்பாடு. வாரத்துக்கு இரண்டு முறை, ஒவ்வொன்றும் இருபது நிமிடத்துக்குக் குறையாமல், பார்வையாளர் சந்திப்பு. வாரத்தில் மூன்று நாள் ஒரு மணி நேர உடற்பயிற்சி. 48 கைதிகளுக்கு ஒரு ஜெயிலர். அறையின் வெப்பம் 65-இலிருந்து 85 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குள். இந்தக் கடைசி விதி கவுன்ட்டி ஜெயில்களுக்கு மட்டும்தான். டெக்சஸ் மாநிலப் பிரிசன்களில் பெரும்பகுதிக்கு முழு ஏ.சி. கிடையாது. 2025 மார்ச்சில் ஒரு ஃபெடரல் நீதிபதி அந்த வெக்கை அரசியல் சட்டத்துக்கே விரோதம் என்று எழுதினார். தீர்ப்பு வரும்வரை ஏ.சி., தீர்ப்பு வந்த பிறகு வெக்கை. இந்த ஊரின் நியாயம் சில சமயம் எனக்குப் புரிவதே இல்லை.

அந்தப் புத்தகத்திலேயே முக்கியமான விதி எது என்று ஜெயிலரைக் கேட்டோம். யோசிக்கவே இல்லை. “ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்க்கணும். மனநலச் சிக்கல் இருக்கிறவங்க, தற்கொலை அபாயம் உள்ளவங்க என்றால் அரை மணிக்கு ஒரு தடவை. கேமராவில் இல்லை, நேரில்.”

அவர் பெயர் சொல்லாவிட்டாலும், கேட்டுக்கொண்டிருந்த டெக்சஸ்காரர்கள் எல்லோருக்கும் ஒரே பெயர்தான் நினைவுக்கு வந்திருக்கும். சாண்ட்ரா பிளாண்ட். வயது 28. இலினாயிலிருந்து ஒரு கல்லூரி வேலைக்காக வந்தவர். ஹூஸ்டனுக்கு வடமேற்கே வாலர் கவுன்ட்டியில், 2015 ஜூலை 10-ஆம் தேதி, லேன் மாறும்போது சிக்னல் போடவில்லை என்று நிறுத்தப்பட்டார். போலீஸ்காரரோடு வாக்குவாதம் முற்றிக் கைதானார். பெயில் 5,000 டாலர். பத்தில் ஒரு பங்கு, அதாவது 500 டாலர் கட்டியிருந்தால் வெளியே வந்திருக்கலாம். மூன்றாவது நாள் காலை அறையில் இறந்துகிடந்தார். புக்-இன் படிவத்தில், முன்பு தற்கொலைக்கு முயன்றதாக அவரே சொன்னது பதிவாகியிருந்தது. இருந்தும் அவரைத் தனிக் கண்காணிப்பில் வைக்கவில்லை. மணிக்கொரு முறை நேரில் பார்க்க வேண்டும் என்ற விதியும் காப்பாற்றப்படவில்லை என்று ஆணையமே அந்த ஜெயிலைக் குற்றம் சொன்னது. குடும்பத்துக்கு 19 லட்சம் டாலர் இழப்பீடு பேசி முடிந்தது. 2017-இல் அவர் பெயராலேயே டெக்சஸில் ஒரு சட்டம் வந்தது. மனநோய் அறிகுறி தெரிந்தால் 12 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டுக்குச் சொல்ல வேண்டும். ஜெயிலில் யாராவது இறந்தால் வேறொரு போலீஸ் அமைப்பு விசாரிக்க வேண்டும். ரோந்து நடந்ததா என்பதற்கு மின்னணுச் சாட்சி வேண்டும்.

இது அபூர்வமான ஒரு கதை என்றால் நானும் இவ்வளவு எழுத மாட்டேன். 2019-இல் அமெரிக்க உள்ளூர் ஜெயில்களில் 1,200 பேர் இறந்தார்கள். அதில் 355 பேர் தற்கொலை. இதய நோயைவிட அதிகம். முதல் சில நாட்கள்தான் ஆபத்து அதிகம் என்று ஜெயிலர் சொன்னார். யோசித்தால் புரிகிறது. குடி இறங்கும் நேரம், போதை மருந்து கிடைக்காமல் உடம்பு முறுக்கும் நேரம், வேலை போகுமா குழந்தையை யார் பார்ப்பது என்று மனசு ஓடும் நேரம் எல்லாம் அதே இரண்டு மூன்று நாளில் வந்து குவிகின்றன. அந்தப் படிவமும் அந்தக் கேள்வியும் வருவது அந்த நேரத்தில். நம் பையன் ‘இல்லை’ என்று சொன்னது ஞாபகம் வந்தது.

---

மருத்துவப் பிரிவு நான் நினைத்ததைவிடச் சுத்தமாக இருந்தது. ஒரு நர்ஸ் தள்ளுவண்டியில் மாத்திரைக் கிண்ணங்களை வைத்துக்கொண்டு பாட் பாட்டாகப் போகிறார். விழுங்கிய பிறகு வாயைத் திறந்து காட்ட வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் ஒரு சீட்டு எழுதிப் போட வேண்டும். அந்தச் சீட்டுக்கு ஜெயில் பாஷையில் ‘கைட்’ என்று பெயர். பட்டம்! மேலே பறக்க விட்டுவிட்டு, யார் கையிலாவது மாட்டும் என்று காத்திருப்பது. இந்தப் பெயரை வைத்தவன் கவிஞன்தான்.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. அமெரிக்காவில் வெளியே இருக்கும் சாதாரண மனிதனுக்கு மருத்துவம் அரசியல் சட்ட உரிமை அல்ல. உள்ளே இருப்பவனுக்கு உரிமை. காரணம் டெக்சஸிலேயே நடந்த ஒரு வழக்கு. 1973-இல் லாரியிலிருந்து பஞ்சு இறக்கிக்கொண்டிருந்த கேம்பிள் என்ற பிரிசன் கைதி மீது ஒரு மூட்டை விழுந்தது. முதுகுவலியைச் சரியாகக் கவனிக்கவில்லை என்று கையாலேயே மனு எழுதினார். 1976-இல் உச்ச நீதிமன்றத்தில் தர்குட் மார்ஷல் எழுதிய தீர்ப்பு, கைதியின் கடுமையான மருத்துவத் தேவையைத் தெரிந்தே அலட்சியம் செய்வது கொடூரத் தண்டனைக்குச் சமம் என்றது. நாடு முழுக்க உள்ள கைதிகளுக்குக் கதவு திறந்துவிட்ட அந்த ஆளுக்கு மட்டும் வழக்கு தோற்றுப்போனது. அவரைத்தான் டாக்டர்கள் பல முறை பார்த்திருக்கிறார்களே என்று சொல்லிவிட்டார்கள்.

உரிமை கொடுத்தாயிற்று, பணம்? ஏழைகளுக்கான மெடிகெய்ட் திட்டம் 1965-இல் தொடங்கியபோதே, ஜெயிலில் இருப்பவருக்குச் செலவு செய்வதில்லை என்று எழுதிவிட்டார்கள். வெளி ஆஸ்பத்திரியில் உள்நோயாளியாகச் சேர்ந்தால் மட்டும் விதிவிலக்கு. குற்றம் நிரூபிக்கப்பட்டிருக்கிறதா இல்லையா என்பதைப் பற்றி அந்த விதிக்குக் கவலையில்லை. ஆகவே ஒருவர் கைதான நிமிடத்திலிருந்து அவருடைய இன்சுலினுக்கும் டயாலிசிஸுக்கும் பிரசவத்துக்கும் கவுன்ட்டிதான் பொறுப்பு. விடுதலைக்கு முந்தைய 90 நாட்களுக்கு மெடிகெய்ட் கொடுக்க 2023-இல் கலிஃபோர்னியா முதலில் அனுமதி வாங்கியது. டெக்சஸ் அந்தப் பக்கம் அவசரப்படுகிற ஊரில்லை.

கவுன்ட்டி பணம் என்றால் நம் பணம். டெக்சஸில் வீடு வைத்திருக்கும் தமிழர்கள் நான்கு பேர் சந்தித்தால் ஐந்தாவது நிமிடம் வீட்டு வரியைத் திட்ட ஆரம்பிப்போம். அந்த வரிச்சீட்டில் கவுன்ட்டி என்று ஒரு வரி இருக்கும். ஜெயிலுக்குப் போகிற பணம் அதில்தான் அடக்கம். எவ்வளவு என்று தீர்மானிப்பது கமிஷனர்ஸ் கோர்ட். பெயர்தான் கோர்ட், உண்மையில் ஐந்து பேர் கொண்ட ஒரு பஞ்சாயத்து. ஒரு முறை அதன் பட்ஜெட் கூட்டத்துக்குப் போயிருந்தேன். ரோடு பற்றிப் பேச பதினோரு பேர் வரிசையில் நின்றார்கள். ஜெயில் மருத்துவ ஒப்பந்தம் வந்தபோது பேச ஒருவரும் இல்லை, நான் உட்பட.

பல கவுன்ட்டிகள் இந்தத் தலைவலியைத் தனியார் கம்பெனியிடம் குத்தகைக்கு விட்டுவிடுகின்றன. ஆளுக்கு இவ்வளவு என்று தொகை பேசிய பிறகு ஒருவரை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாமல் இருந்தால் யாருக்கு லாபம் என்பதைக் கணக்குப் பிள்ளை வந்து சொல்ல வேண்டியதில்லை. போதைக்கு அடிமையானவர்களுக்கான மருந்தைக்கூட வழக்குப் போட்டுத்தான் வாங்க வேண்டியிருந்தது. மெய்ன் மாநிலத்தில் அரூஸ்டுக் கவுன்ட்டி ஜெயில், ஏற்கெனவே டாக்டர் கொடுத்துவந்த மருந்தைத் தொடர வேண்டும் என்று ஒரு பெண் 2019-இல் கோர்ட் உத்தரவு வாங்கினார்.

மனநோய்தான் எல்லாவற்றையும்விடப் பெரிய சுமை. வழக்கைப் புரிந்துகொள்ளும் நிலையில் இல்லை என்று நீதிபதி சொல்லிவிட்டால் அவரை மாநில மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்ப வேண்டும். அங்கே படுக்கை காலியில்லை. அதுவரை ஜெயிலிலேயே மாதக்கணக்கில் காத்திருக்கிறார்கள். சிகாகோவின் குக் கவுன்ட்டி ஜெயிலுக்கு 2015-இல் தலைமைப் பொறுப்பாளராக நியமிக்கப்பட்ட நெகா ஜோன்ஸ் டாப்பியா ஒரு மனநல நிபுணர். பலர் அதை முற்போக்கு என்று பாராட்டினார்கள். எனக்கென்னவோ, பள்ளிக்கூடத்துக்குத் தீயணைப்பு வீரரைத் தலைமையாசிரியர் ஆக்கினால் அந்தப் பள்ளி என்ன நிலையில் இருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது.

---

ஜெயில் களி பற்றிச் சொல்லாமல் விட்டால் தமிழ்நாட்டுக்காரன் என்று சொல்லிக்கொள்ள முடியாது. நாங்கள் போன அன்று மதியம் பீன்ஸ், சோளரொட்டி, ஏதோ ஒரு இறைச்சி உருண்டை, ஒரு ஆரஞ்சு. நான் சைவம் உண்டா என்று கேட்டேன். மத நம்பிக்கை என்று எழுதிக் கொடுத்தால் உண்டு என்றார்கள். சமையல் செய்வதும் பரிமாறுவதும் கைதிகளே. அவர்களுக்கு ‘டிரஸ்டி’ என்று பெயர். கோயில் டிரஸ்டியாக இருக்கும் என் நண்பர்கள் மன்னிக்கவும். சம்பளம் கிடையாது, நாள் கழிவு உண்டு.

சாப்பாட்டு விஷயத்தில் அலபாமாவை மிஞ்ச ஆளில்லை. கைதிகள் சாப்பாட்டுக்கு மாநிலம் தரும் பணத்தில் மிச்சம் பிடித்தால் அது ஷெரிஃபுக்கே சொந்தம் என்று அங்கே பழைய சட்டம் ஒன்று இருந்தது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 1.75 டாலர்! அதிலும் மிச்சம் பிடித்தார் மார்கன் கவுன்ட்டி ஷெரிஃப்: மூன்று வருடத்தில் 2.12 லட்சம் டாலர். ஒரு சமயம் கார்ன் டாக் என்ற தின்பண்டம் அரை லாரி லோடு மலிவாகக் கிடைக்க, அதை வாங்கிப் போட்டு வாரக்கணக்கில் அதையே கொடுத்தார். 2009-இல் ஃபெடரல் நீதிபதி அவரையே பிடித்து ஒரு ராத்திரி உள்ளே வைத்தார். அப்படியும் சட்டம் மாறவில்லை. எட்டோவா கவுன்ட்டி ஷெரிஃப் இதே வழியில் ஏழரை லட்சம் டாலருக்கு மேல் எடுத்ததும், கடற்கரை வீடு வாங்கியிருந்ததும் 2018-இல் பத்திரிகையில் வந்த பிறகு, 2019-இல்தான் மாற்றினார்கள்.

போன் இன்னொரு கொள்ளை. கட்டணத்தில் ஒரு பங்கு கவுன்ட்டிக்கே போவதால் யாருக்கும் குறைக்க மனசு வரவில்லை. பேரனோடு பேச முடியாமல் 2000-இல் வழக்குப் போட்டவர் மார்த்தா ரைட் என்ற கண்பார்வையற்ற பாட்டி. 2015-இல் அவர் இறந்துபோனார். அவர் பெயரில் சட்டம் வந்தது 2023 ஜனவரியில். அதன்படி 2024-இல் பெரிய ஜெயில்களில் 15 நிமிடப் பேச்சுக்கு 11.35 டாலர் வரை வாங்கியதை 90 சென்ட்டுக்குக் குறைத்து மத்தியத் தொலைத்தொடர்பு ஆணையம் உத்தரவு போட்டது. 2025-இல் அதே ஆணையம் அந்த உத்தரவைத் தள்ளிவைத்தது. முன்கூடத்து மெஷினில் நோட்டு செருகிய அம்மாள் அந்த இருபது டாலரில் பேரனோடு எத்தனை நிமிடம் பேசியிருப்பார் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த உச்சக் கட்டணம் என்றால் அரை மணி கூடத் தேறியிருக்காது.

---

சுற்றிப் பார்த்தது முடிந்து கேள்வி நேரம். பாட் கூடத்தின் நடுவில் மேஜையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தோம். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் சிலர் டி.வி. பார்த்தார்கள், சிலர் எங்களைப் பார்த்தார்கள். நாங்கள் டிக்கெட் வாங்காமல் வந்த கூட்டம் மாதிரி எனக்குக் கூச்சமாக இருந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை, இவ்வளவு பேரில் உங்களுக்கு யாரையாவது தனியாக நினைவிருக்குமா என்று கேட்டார். ஜெயிலர் வாயைத் திறந்தார், அதற்குள் இடுப்பில் ஏதோ பீப் என்றது.

“ஒரு நிமிஷம்” என்று சொல்லிவிட்டு எழுந்து போனார். கையில் டார்ச் மாதிரி ஒரு குழாய். முதல் கதவின் ஓரத்தில் பொத்தான் அளவில் இருந்த உலோக வில்லையில் அதை ஒற்றினார். ஒரு பச்சை விளக்கு. சாண்ட்ரா பிளாண்ட் சட்டம் கேட்ட மின்னணுச் சாட்சி இதுதான் என்று புரிந்தது. ஒற்றினால் போதும், மணி பதிவாகிவிடும். உள்ளே பார்த்தாரா என்பதை அந்தக் குழாயால் சொல்ல முடியாது. அவர் ஒற்றிவிட்டு ஜன்னலோரம் குனிந்தார். உள்ளே யாரோ சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்கள். விரலால் கண்ணாடியைத் தட்டினார். அசைவில்லை. மறுபடி தட்டினார், கொஞ்சம் பலமாக. போர்வை விலகி ஒரு தலை திரும்பியது, எரிச்சலோடு. ஜெயிலர் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு அடுத்த கதவுக்குப் போனார்.

இருபத்து நாலு கதவுகள். நாங்கள் நின்றுகொண்டே இருந்தோம். திரும்பி வந்து உட்கார்ந்து, ஆசிரியையைப் பார்த்து, “மன்னிக்கணும், என்ன கேட்டீங்க?” என்றார்.